கார்பொனாராவும் க்ரீமும்: ஒரு மரபு உருவான வரலாறு

ரோம் நகரின் அடையாள உணவுகளுள் ஒன்றாக இன்று உலகெங்கும் அறியப்படும் ஸ்பகெட்டி கார்பொனாரா, அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கும் நேரத்தைச் சேர்த்துக் கணக்கிட்டாலும் அரை மணி நேரத்துக்குள் தட்டுக்கு வந்துவிடும் எளிய சாப்பாடாகும். கோதுமை மாவில் செய்து உலர்த்திய நீண்ட இழைகளான ஸ்பகெட்டி, முட்டை, நூல்வழக்கில் பாலாடைக்கட்டி எனப்படும் சீஸ், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி, மிளகு ஆகிய ஐந்தே பொருள்களால் ஆன இந்த உணவைப் பற்றி இத்தாலியர்கள் காட்டும் கண்டிப்பு, அதன் எளிமைக்குச் சற்றும் பொருந்தாத அளவுக்குக் கடுமையானது. குறிப்பாக, அதில் க்ரீம் சேர்ப்பது, அதாவது பாலிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பு மிகுந்த பாலேட்டைக் கலப்பது, தொன்மையான ஒரு மரபை வெளிநாட்டார் கெடுத்த செயலாகவே அங்கே பேசப்படுகிறது. ஆயினும், இந்த உணவைக் குறித்து அச்சேறிய செய்முறைகளைக் காலவரிசையில் அடுக்கிப் பார்க்கும்போது வேறொரு சித்திரம் புலப்படுகிறது. கார்பொனாராவின் செய்முறைகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே அச்சுக்கு வந்தன. க்ரீம் இத்தாலியச் சமையல் வல்லுநர்களின் கையாலேயே அதற்குள் நுழைந்து, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைத்திருந்து, 1990-களில்தான் மரபின் பெயரால் வெளியேற்றப்பட்டது. ஓர் உணவு முதலில் பிறந்து, அதன் தொன்மை பின்னர் உருவாக்கப்பட்ட வரலாறாகவே கார்பொனாராவின் வரலாற்றை வாசிக்க வேண்டியிருக்கிறது.

சட்டியில் நிகழ்வது

இந்த வரலாற்றுக்குள் நுழையுமுன் சமையலின் நுட்பத்தைக் கவனிப்பது அவசியம். க்ரீம் ஏன் வந்தது என்ற கேள்விக்கான விடையில் பாதி அடுப்படியிலேயே இருக்கிறது. ரோமில் இன்று ஏற்கப்பட்ட முறைப்படி, பன்றியின் தாடைப் பகுதியை உப்பும் மிளகும் தடவித் தொங்கவிட்டு உலர்த்திய குவான்சாலே என்னும் கொழுப்பிறைச்சி விரல் நுனி அளவுத் துண்டுகளாக நறுக்கப்பட்டு, எண்ணெய் விடாத சட்டியில் மிதமான சூட்டில் வதக்கப்படுகிறது. கொழுப்பு உருகிப் பிரிந்து, துண்டுகளின் ஓரம் மொறுமொறுப்பானதும் சட்டி இறக்கி வைக்கப்படுகிறது. இன்னொரு பாத்திரத்தில் முட்டையின் மஞ்சள் கருவும், செம்மறியாட்டுப் பாலில் செய்து நன்கு உப்பேற்றிய பெக்கொரீனோ ரொமானோ என்ற சீஸின் துருவலும், அப்போதுதான் பொடித்த மிளகும் கெட்டியான குழைவாக அடித்து வைக்கப்படுகின்றன. முக்கால் பதத்தைச் சற்றே தாண்டிய ஸ்பகெட்டி, தான் வெந்த நீரில் ஒரு கரண்டியோடு இறைச்சிச் சட்டிக்கு மாற்றப்பட்டு, அடுப்பை அணைத்த பிறகே முட்டைக் குழைவு ஊற்றப்பட்டு, கை ஓயாமல் கிளறப்படுகிறது. உருகிய கொழுப்பும், நீரில் கரைந்த மாவுச்சத்தும், மஞ்சள் கருவும், சீஸும் ஒன்றோடொன்று பிரியாமல் கலந்து, ஒவ்வோர் இழையையும் மூடும் வழவழப்பான சாறாக மாறுவதே பக்குவம்.

இந்தப் பக்குவம் மிகக் குறுகிய வெப்ப எல்லைக்குள் நிகழ்வது. மஞ்சள் கரு ஏறத்தாழ 65 டிகிரி செல்சியஸில் கெட்டிப்படத் தொடங்கி, 70 டிகிரியை நெருங்கும்போது இறுகிவிடுகிறது. பெக்கொரீனோவில் உள்ள புரதமும் ஏறத்தாழ அதே 65 டிகிரிக்கு மேல் திரண்டு கட்டிகட்டியாகப் பிரிகிறது. சூடு போதாவிட்டால் பச்சை முட்டையின் வாடை நீங்காது. சற்றே மிகுந்தால் சாறு முட்டைப் பொரியலாகிவிடும். இரண்டு பேருக்குச் சமைக்கும் வீட்டில் இந்த எல்லையைக் காப்பது பழக்கத்தால் கைவரும். நண்பகல் நெரிசலில் தட்டுத் தட்டாக அனுப்ப வேண்டிய உணவகத்தில் அது எளிதன்று. முட்டைக் கலவையில் க்ரீம் சேரும்போது, அதன் நீரும் கொழுப்பும் முட்டையின் புரதங்களைப் பரப்பி நீர்த்துப்போகச் செய்வதால், அவை ஒன்றையொன்று பற்றி உறைவதற்கு மேலும் சூடு தேவைப்படுகிறது. சமையற்காரரின் கை ஒரு நிமிடம் தாமதித்தாலும் சாறு திரியாது. பரிமாறக் காத்திருக்கும் தட்டும் சீக்கிரம் உலராது. ஆகவே, சுவையைக் கூட்டும் பொருளாக மட்டுமல்லாமல், தொழில்முறைச் சமையலறையில் தவறு நேராமல் காக்கும் வசதியாகவும் க்ரீம் பயன்பட்டது என்பதை நினைவில் கொள்வது தகும்.

முட்டையும் சீஸும்: பழைய வேர்கள்

கார்பொனாரா புதியதென்றாலும், அதன் அடிப்படையான சேர்க்கை பழையது. தென், நடு இத்தாலியப் பகுதிகளில் சமைத்த உணவை இறக்கும் தறுவாயில் அடித்த முட்டையையும் துருவிய சீஸையும் ஊற்றிச் சாற்றைக் கெட்டிப்படுத்தும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது. ரோமுக்குக் கிழக்கே உள்ள அப்ரூத்ஸோ மலைப்பகுதியில் ஈஸ்டர் திருநாளையொட்டிச் செய்யப்படும் ஆட்டுக்குட்டி இறைச்சிக் குழம்பு இந்த முறையில்தான் முடிக்கப்படுகிறது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நேப்பிள்ஸில் புகழ்பெற்ற சமையல் நூலை வெளியிட்ட இப்பொலீத்தோ கவல்கந்தி என்ற பிரபு, சீஸும் முட்டையும் சேர்த்த பாஸ்தாவை, அதாவது ஸ்பகெட்டி போன்ற கோதுமை மாவு உணவை, அதில் பதிவு செய்துள்ளார். இறைச்சி வாங்க இயலாத வீடுகளில் ஊட்டமும் நிறைவும் தரும் உணவாக இச்சேர்க்கை விளங்கியது. முட்டை வீட்டுக் கோழியிடமிருந்தும், சீஸ் அருகிலிருந்த ஆட்டு மந்தையிலிருந்தும் கிடைத்தன.

ரோமைச் சூழ்ந்த லாத்சியோ நிலப்பகுதி மந்தை வளர்ப்போடு நெருங்கிய தொடர்பு கொண்டது. கோடையில் அப்பென்னைன் மலைகளிலும் குளிர்காலத்தில் ரோமைச் சுற்றியுள்ள சமவெளியிலும் மாறி மாறி மேய்ந்த செம்மறியாட்டு மந்தைகளின் இடையர்கள், கெடாமல் எடுத்துச் செல்லக்கூடிய உலர்ந்த பாஸ்தாவையும் உப்பிட்ட கொழுப்பிறைச்சியையும் பெக்கொரீனோவையும் கொண்டு சமைத்ததாகக் கூறப்படும் கிரீச்சா என்ற உணவு, இன்றைய கார்பொனாராவிலிருந்து முட்டையை மட்டும் நீக்கியதற்கு ஒப்பானது. ரோமின் பெயரைத் தாங்கிய அந்தச் சீஸ்கூட இடம்பெயர்ந்த வரலாறு உடையது. 1884-இல் ரோம் நகராட்சி, கடைகளுக்குள் சீஸுக்கு உப்பேற்றும் வேலையைத் தடை செய்தபின், தயாரிப்பாளர்கள் பலர் சார்டினியத் தீவுக்குத் தொழிலை நகர்த்தினர். இன்று பெக்கொரீனோ ரொமானோவின் பெரும்பகுதி அத்தீவிலேயே செய்யப்படுகிறது.

இவ்வளவு பொருள்களும் கைக்கெட்டிய தொலைவில் இருந்தும், கார்பொனாரா மட்டும் பழைய நூல்களில் இல்லை. ஒன்றுபட்ட இத்தாலியின் வீட்டுச் சமையலுக்கு இலக்கணம் வகுத்ததாகக் கருதப்படும் பெல்லெக்ரீனோ அர்தூசியின் 1891-ஆம் ஆண்டு நூலில் அது இடம்பெறவில்லை. ரோமானியச் சமையலுக்கென்றே 1920-களின் இறுதியில் நூல் எழுதி, நகரின் உணவுகளை ஒவ்வொன்றாகத் தொகுத்த அதா போனியும் அதைக் குறிப்பிடவில்லை. மலைக்காடுகளில் கரி சுட்டவர்களின் உணவு என்றும், 19-ஆம் நூற்றாண்டில் இயங்கிய கார்பொனாரி என்ற இரகசியப் புரட்சிச் சங்கத்தினரின் உணவு என்றும் சொல்லப்படும் கதைகள் பெயரின் ஒலி ஒற்றுமையிலிருந்து பிறந்தவை. அவற்றுக்கு அக்காலத்துச் சான்று எதுவும் காட்டப்படவில்லை. ரோமில் பரவலாக உண்ணப்பட்ட உணவாக அது இருந்திருக்குமானால், ரோமின் சமையலைத் தொகுப்பதையே பணியாகக் கொண்ட ஒருவரின் நூலில் விடுபட்டிருக்க வாய்ப்பில்லை என்பதே வரலாற்றாசிரியர்கள் முன்வைக்கும் வாதம்.

பட்டினி நகரமும் படையின் பண்டகசாலையும்

1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் ரோமைக் கைப்பற்றியபோது, நகர மக்கள் ஏற்கெனவே மூன்றாண்டு காலப் பங்கீட்டில் மெலிந்திருந்தனர். 1942 மார்ச் முதல் இத்தாலியில் ஒருவருக்கான நாளொன்றின் ரொட்டி ரேஷன் 150 கிராமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் ரோமில் அது 100 கிராமுக்கு இறங்கியது. முட்டை, இறைச்சி, எண்ணெய் ஆகியவை கள்ளச்சந்தையில் மட்டுமே கிடைத்தன. 1944-இன் வசந்த காலத்தில் பெண்கள் திரண்டு ரொட்டிக் கடைகளை முற்றுகையிட்ட நிகழ்ச்சிகள் நகரின் பல பகுதிகளில் நடந்தன. அந்த ஆண்டு ஜூன் 4-ஆம் நாள் அமெரிக்க ஐந்தாம் படை ரோமுக்குள் நுழைந்தபோது, விடுதலையோடு சேர்ந்து ஒரு புதிய உணவுக் கிடங்கும் நகருக்குள் வந்தது.

நேச நாட்டுப் படைகளின் உணவு, கெடாமல் கடல் கடந்து வரவேண்டும் என்ற தேவையால் வடிவமைக்கப்பட்டது. முட்டை, நீர் நீக்கிய தூளாக வந்தது. சீஸ், உருக்கிப் பதப்படுத்தி டப்பாவில் அடைத்த கட்டியாக வந்தது. பன்றி இறைச்சி, உப்பும் புகையும் ஏற்றிய பேக்கனாக வந்தது. போர்முனை வீரர்களுக்கென அமெரிக்கா உருவாக்கிய கே ரேஷன் என்ற பொட்டலத்தின் காலை உணவுப் பகுதியில், நறுக்கிய பன்றி இறைச்சியும் முட்டையும் கலந்த டப்பா ஒன்று இருந்தது. நண்பகல் பொட்டலத்தில் பதப்படுத்திய சீஸ் இருந்தது. இப்பொருள்கள் படைவீரரின் கையிலிருந்தும் படைக் கிடங்கின் பின்வாசல் வழியாகவும் ரோமானியச் சந்தைக்குள் கசிந்தன. காலையில் பேக்கனும் முட்டையும் உண்டு பழகிய வீரர்கள் மறுபுறம் வாடிக்கையாளர்களாகவும் இருந்தனர்; கையில் காசுள்ள அவர்களுக்குத் தெரிந்த சுவையில் உள்ளூர்ப் பாஸ்தாவைப் பரிமாற வேண்டிய தேவை, திரத்தோரியா எனப்படும் சிறு குடும்ப உணவகங்களுக்கு இருந்தது.

இந்தச் சந்திப்பின் மிகத் தெளிவான சாட்சியத்தைத் தந்தவர், போலோன்யாவைச் சேர்ந்த ரெனாத்தோ குவாலந்தி என்ற சமையற்காரர். அவருடைய கூற்றின்படி, 1944 செப்டம்பர் 22-ஆம் நாள், அட்ரியாட்டிக் கரையில் புதிதாக மீட்கப்பட்ட ரிச்சோனே ஊரில், பிரிட்டிஷ் எட்டாம் படையும் அமெரிக்க ஐந்தாம் படையும் சந்தித்ததையொட்டி நடந்த விருந்துக்குச் சமைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அமெரிக்கரிடமிருந்து பேக்கன், க்ரீம், சீஸ், மஞ்சள் கருத்தூள் ஆகியவை கிடைக்க, அவற்றை ஒன்றாக்கிப் பாஸ்தாவில் கலந்து, மேலே மிளகைத் தூவிப் பரிமாறியதாகவும், பின்னர் ரோமில் நேச நாட்டுப் படைகளின் சமையற்காரராகப் பணியாற்றிய காலத்தில் அந்த உணவு அங்கே பரவியதாகவும் அவர் கூறினார். அப்போர்முனையில் எட்டாம் படையின் அங்கமாக இந்தியப் படைப்பிரிவுகளும் இருந்தன. ரிச்சோனே விருந்துக்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், அங்கிருந்து நெடுந்தொலைவு இல்லாத சான் மரீனோவில் இந்திய நான்காம் டிவிஷன் ஜெர்மானியரோடு பொருதியது. தமிழ் மாவட்டங்களிலிருந்து பெருமளவு ஆள்சேர்த்த மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் ஒரு கம்பெனி அந்த டிவிஷனோடு இத்தாலியப் போரில் பங்கேற்றிருந்தது.

குவாலந்தியின் கூற்றைப் பல பத்தாண்டுகளுக்குப் பிந்தைய நினைவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஓர் உணவின் பிறப்பை ஒரு நாளுக்கும் ஒரு கைக்கும் உரிமையாக்கும் எந்தக் கதையையும் ஐயத்தோடு அணுகுவதே முறை. எனினும், அந்தக் கூற்றில் பொருள்களைப் பற்றிய செய்தி காலச்சூழலோடு முழுமையாகப் பொருந்துகிறது. முட்டையையும் சீஸையும் கொண்டு சாற்றைக் கெட்டிப்படுத்தும் பழைய இத்தாலியக் கைப்பழக்கம், பட்டினிக்குப் பின் திடீரெனக் கிடைத்த அமெரிக்கச் சரக்கோடும் அமெரிக்க வாடிக்கையாளரோடும் சேர்ந்ததில் கார்பொனாரா வடிவம் பெற்றது என்பதே கிடைத்துள்ள சான்றுகளுக்கு மிக நெருக்கமான விளக்கம். இந்த விளக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டியது, க்ரீம் பிறப்புக் கதையிலேயே இருக்கிறது என்பதுதான்.

அச்சில் ஏறிய செய்முறைகள்

1950-இல் லா ஸ்தாம்பா என்ற இத்தாலிய நாளிதழ், விடுதலைக்குப் பிந்தைய ரோமில் அமெரிக்க அதிகாரிகள் விரும்பித் தேடிய உணவாகக் கார்பொனாராவைக் குறிப்பிட்டது. அடுத்த ஆண்டில் வெளியான ஓர் இத்தாலியத் திரைப்படத்திலும் அப்பெயர் உச்சரிக்கப்பட்டது. ஆனால் முழுமையான செய்முறை, இத்தாலியில் வெளிவருவதற்கு முன்னரே அமெரிக்காவில் அச்சானது: 1952-இல் சிகாகோ நகரின் உணவகங்களைப் பற்றிப் பட்ரீசியா பிரான்டே எழுதிய கையேட்டில், அங்கிருந்த அர்மாண்டோஸ் என்ற இத்தாலிய உணவகத்தின் செய்முறையாக அது இடம்பெற்றது. தன் நாட்டு அச்சுக்கு முன்னரே கடல் கடந்த நகரம் ஒன்றில் பதிவான இந்த உணவை, ஒதுக்குப்புற மலைக்கிராமத்தின் பழைய வழக்கமாக விவரிப்பது கடினம்.

1954-ஆம் ஆண்டு இரண்டு முக்கியமான பதிவுகளைத் தந்தது. லண்டனில் வெளியான எலிசபெத் டேவிட்டின் இத்தாலிய உணவு பற்றிய நூலில், பன்றி இறைச்சியும் முட்டையும் பார்மிசான் சீஸும் சேர்ந்த கார்பொனாரா இருந்தது. அதில் க்ரீம் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் லா குச்சீனா இத்தாலியானா என்ற புகழ்பெற்ற சமையல் இதழ் வெளியிட்ட செய்முறையோ, இன்றைய ரோமானியரை முகம் சுளிக்க வைக்கும். அதில் இறைச்சி தாடைப் பகுதியிலிருந்து வரவில்லை; வயிற்றுப் பகுதியிலிருந்து செய்யப்படும் பான்செத்தா பயன்பட்டது. சீஸ் பெக்கொரீனோவும் அன்று, பார்மிசானும் அன்று. சுவிட்சர்லாந்து மரபைச் சேர்ந்த, சூட்டில் நூலாக நீளும் குருயேர் சீஸ். அதோடு பூண்டும் சேர்ந்தது. முட்டை ஊற்றிய பிறகு சட்டியை அடுப்பிலேயே வைத்து, முட்டை ஓரளவு உறையும் வரை விடச் சொன்னது அந்தச் செய்முறை. இன்று பிழையின் அடையாளமாகக் கருதப்படும் நிலை அன்று பக்குவமாக எழுதப்பட்டது. அடுத்த ஆண்டில் வெளியான ஃபெலிக்ஸ் தெஸ்ஸியின் நூல் பார்மிசானைச் சேர்த்து இன்றைய வடிவத்துக்குச் சற்று நெருங்கியது. இத்தாலிய உணவு வரலாற்றாசிரியரான லூக்கா சேசரி இத்தகைய பதிவுகளை வரிசையாக ஒப்பிட்டுக் காட்டியிருப்பதுபோல், முதல் இருபது ஆண்டுகளில் கார்பொனாராவுக்கு ஒரே வடிவம் இருக்கவில்லை; வெங்காயம், பூண்டு, வெள்ளை ஒயின், மிளகாய் என ஒவ்வொரு சமையற்காரரும் தம் விருப்பப்படி சேர்த்தும் நீக்கியும் வந்தனர்.

க்ரீமின் முப்பது ஆண்டுகள்

1960-இல் லூயிஜி கார்னச்சீனா வெளியிட்ட மாபெரும் சமையல் தொகுப்பு இவ்வரலாற்றின் திருப்புமுனை. 1888-இல் ரோமிலேயே பிறந்து, பிரெஞ்சுச் சமையலின் பேராசானான எஸ்கோஃபியேயோடு பணியாற்றி, ஐரோப்பாவின் பெரிய ஹோட்டல்களில் பயின்று திரும்பிய கார்னச்சீனா, கார்பொனாராவில் இரண்டு மாற்றங்களைச் செய்தார். பான்செத்தாவுக்குப் பதிலாகக் குவான்சாலேயைப் பரிந்துரைத்தார். முட்டைக் கலவையில் க்ரீமைச் சேர்த்தார். இன்று உண்மையான கார்பொனாராவின் அடையாளமாகப் போற்றப்படும் தாடைக் கொழுப்பும், போலிக் கார்பொனாராவின் அடையாளமாகத் தூற்றப்படும் க்ரீமும் ஒரே நூலில், ஒரே ரோமானியரின் கையால், ஒரே செய்முறையில் அச்சுக்கு வந்தன என்பது மரபு பற்றிய வாதங்கள் அனைத்தையும் மறுபரிசீலனைக்கு உட்படுத்தும் செய்தியாகும்.

அந்தக் காலத்தின் பொருளாதாரம் க்ரீமுக்குச் சாதகமாக இருந்தது. 1950-களின் இறுதியிலிருந்து இத்தாலி கண்ட வேகமான தொழில் வளர்ச்சியில் குளிர்பதனப் பெட்டி நடுத்தர வீடுகளுக்குள் வந்தது. உயர் வெப்பத்தில் சில நொடிகள் சூடாக்கிக் காகிதப் பெட்டியில் அடைத்து நீண்ட நாள் கெடாமல் வைக்கும் தொழில்நுட்பத்தால், வடக்கின் பால்பண்ணைப் பகுதிகளில் மட்டும் புழங்கிய க்ரீம், ஆலிவ் எண்ணெயும் பன்றிக் கொழுப்பும் ஆண்ட தென்னகச் சமையலறைகளையும் எட்டியது. போரின்போது ஒரு கரண்டி எண்ணெய்க்கு ஏங்கிய தலைமுறைக்கு, வெண்மையாகவும் வளமாகவும் தட்டில் விழுந்த சாறு செழிப்பின் அறிகுறியாகத் தோன்றியது. பிரெஞ்சு உணவகங்களின் மதிப்பும் அதற்குத் துணை நின்றது. 1970-களிலும் 1980-களிலும் வோட்காவும் தக்காளியும் க்ரீமும் சேர்ந்த பென்னே, புகையூட்டிய சால்மன் மீனும் க்ரீமும் சேர்ந்த பாஸ்தா, பட்டாணியும் பன்றி இறைச்சியும் க்ரீமும் சேர்ந்த தொர்தெல்லீனி ஆகியவை இத்தாலிய உணவகங்களின் வழக்கமான பட்டியலில் இருந்தன. கார்பொனாரா அந்தக் குடும்பத்தின் ஓர் உறுப்பாகவே அக்காலத்தில் உண்ணப்பட்டது.

இது விவரம் அறியாத சிறு உணவகங்களின் வழக்கமாக மட்டும் இருக்கவில்லை. 1985-இல் இத்தாலியில் முதன்முதலாக மூன்று மிஷெலின் நட்சத்திரங்களைப் பெற்றவரும், நவீன இத்தாலியச் சமையலின் தலைவராகக் கொண்டாடப்பட்டவருமான மிலானின் குவால்தியெரோ மார்கேசி, 1989-இல் வெளியிட்ட கார்பொனாராச் செய்முறையில் கால் லிட்டர் க்ரீமைச் சேர்த்தார். இங்கே ரோமின் மற்றோர் உணவோடு ஒப்பிடுவது பயனளிக்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அல்ஃப்ரேதோ தி லேலியோ தம் ரோமானிய உணவகத்தில் வெண்ணெயும் பார்மிசானும் மட்டும் சேர்த்துப் பரிமாறிய ஃபெத்துச்சீனே என்ற பாஸ்தா, அமெரிக்காவுக்குச் சென்றபின் அங்கேதான் க்ரீமைப் பெற்றது. அந்த உணவைப் பொறுத்தவரை க்ரீம் வெளிநாட்டுச் சேர்க்கை என்று கூறுவது சரியே. கார்பொனாராவுக்கு அதே தீர்ப்பை வழங்க இயலாது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் க்ரீம் சேர்த்துச் சமைத்தவர்கள், தம் காலத்து இத்தாலியப் பெருஞ்சமையற்காரர்கள் அச்சில் எழுதியதையே செய்துகொண்டிருந்தனர்.

க்ரீம் வெளியேறிய விதம்

1986-இல் ரோமின் புகழ்பெற்ற ஸ்பானியப் படிக்கட்டுகளுக்கு அருகே மெக்டொனால்ட்ஸ் உணவகம் திறக்கப்பட்டபோது எழுந்த எதிர்ப்பு, இத்தாலியர் தம் உணவைப் பார்க்கும் பார்வையில் ஏற்பட்டுவந்த மாற்றத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. கார்லோ பெத்ரீனியின் தலைமையில் அந்த எதிர்ப்போடு தொடர்புற்று வளர்ந்து, 1989-இல் பன்னாட்டு அமைப்பாக உருவெடுத்த ஸ்லோ ஃபுட் இயக்கம், உள்ளூர்ப் பொருள்களையும் வட்டாரச் செய்முறைகளையும் பண்பாட்டுச் செல்வங்களாக முன்னிறுத்தியது. 1992-இல் ஐரோப்பியச் சமூகம், குறிப்பிட்ட நிலப்பகுதியில் குறிப்பிட்ட முறையில் செய்யப்படும் உணவுப் பொருள்களின் பெயரைச் சட்டத்தால் காக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பெக்கொரீனோ ரொமானோ 1996-இல் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. ஒரு சீஸுக்கு ஊரும் முறையும் சட்டத்தால் உறுதியான காலத்தில், அந்தச் சீஸைக் கொண்டு செய்யப்படும் உணவுக்கும் ஒரே சரியான முறை உண்டு என்ற எண்ணம் வலுப்பெற்றது வியப்புக்குரியதன்று.

இதே காலத்தில் க்ரீம் தன் சமூக மதிப்பை இழந்துவந்தது. அரிதாக இருந்தபோது செழிப்பைக் காட்டிய பொருள், எங்கும் மலிவாகக் கிடைத்தபின், தரம் குறைந்த இறைச்சியையும் சுவையற்ற சீஸையும் மூடி மறைக்கும் உத்தியாகப் பார்க்கப்பட்டது. எளிதான, கனமற்ற உணவை நாடிய புதிய நகர்ப்புற நாவுக்கும் அது ஒவ்வவில்லை. 1990-களில் வெளியான செய்முறைகளில் க்ரீம் படிப்படியாக மறைந்தது. அதோடு பூண்டும் வெங்காயமும் ஒயினும் மறைந்தன. பான்செத்தாவின் இடத்தைக் குவான்சாலேயும், பார்மிசானின் இடத்தைப் பெக்கொரீனோவும் பெருமளவு பிடித்தன. எஞ்சி நின்ற ஐந்து பொருள்களும் ரோமைச் சுற்றிய இடையர் மரபோடு பொருந்தியதால், மிக அண்மையில் நிலைபெற்ற வடிவம் மிகப் பழைய வடிவமாகத் தோற்றம் கொண்டது. கிரீச்சாவோடு முட்டை சேர்ந்தால் கார்பொனாரா, தக்காளி சேர்ந்தால் அமத்ரிச்சானா என்று ரோமின் பாஸ்தாக்களை ஒரே வம்சாவளியாக விளக்கும் இன்றைய முறை, நினைவில் நிறுத்துவதற்கு வசதியானது. கார்பொனாராவைப் பொறுத்தவரை, அச்சுச் சான்றுகள் அந்த வரிசையை உறுதிப்படுத்தவில்லை.

இந்த மாற்றம் சுவைக்கு நன்மையே செய்தது என்று வாதிட இடமுண்டு. க்ரீம் இல்லாத சாற்றில் மிளகின் காரமும் பெக்கொரீனோவின் உப்புச் சுவையும் தெளிவாக நாவில் படுகின்றன. சமைப்பவரின் கைத்திறன் ஒளிந்துகொள்ள இடமில்லாமல் வெளிப்படுகிறது. ஆனால் அது சுவையின் அடிப்படையில் செய்யப்பட்ட தேர்வேயன்றி, இழந்த மூலத்தை மீட்டெடுத்த செயல் அன்று.

மரபின் காவலும் உலகின் தட்டும்

புதிதாக நிலைபெற்ற வடிவம் விரைவிலேயே கடும் காவலுக்கு உட்பட்டது. 2016 ஏப்ரலில் பிரெஞ்சு இணையதளம் ஒன்று, பாஸ்தா, வெங்காயம், பேக்கன் ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் வேகவைத்து, க்ரீமைக் கலந்து, மேலே பச்சை மஞ்சள் கருவை வைத்துக் காட்டிய காணொளி இத்தாலியில் பெரும் கண்டனத்தைக் கிளப்பியது. மறு ஆண்டு முதல் ஏப்ரல் 6-ஆம் நாள் இத்தாலியப் பாஸ்தாத் தொழிலமைப்புகளால் கார்பொனாரா நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2023 மார்ச்சில், பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியரான அல்பெர்தோ கிராந்தி, கார்பொனாரா உள்ளிட்ட பல இத்தாலிய உணவு மரபுகள் போருக்குப் பிந்தையவை என்று லண்டன் நாளிதழான ஃபைனான்ஷியல் டைம்ஸுக்கு அளித்த நேர்காணல், தேசியப் பெருமிதத்தின் மீதான தாக்குதலாகவே பலரால் எதிர்கொள்ளப்பட்டது. இத்தாலியச் சமையலை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலுக்கு அந்நாட்டு அரசு முன்மொழிந்ததும் அதே மாதத்தில்தான். உணவு ஏற்றுமதியும் சுற்றுலாவும் பெருவருவாய் ஈட்டும் ஒரு நாட்டில், ஓர் உணவின் வயதைப் பற்றிய கேள்வி வணிகத்தையும் தொடும் கேள்வியாக இருப்பதை இந்த எதிர்வினைகள் உணர்த்துகின்றன.

இத்தாலிக்கு வெளியே கார்பொனாரா தன் வழியில் மாறிக்கொண்டே இருக்கிறது. ஜப்பானிய உணவகங்களில் க்ரீமும் முட்டையும் சேர்ந்த வடிவம் வேரூன்றியிருக்கிறது. தென்கொரியாவில் காரமான உடனடி நூடுல்ஸுக்குச் சீஸும் க்ரீமும் கலந்த பொடியைச் சேர்த்து 2018-இல் நிலையாக விற்பனைக்கு வந்த கார்பொனாரா வகை, உலகச் சந்தையையே பிடித்தது. பன்றி இறைச்சி உண்ணாத சமூகங்களில் மாட்டிறைச்சியோ கோழியோ அந்த இடத்தை நிரப்புகிறது. கிடைத்த முட்டை, கிடைத்த சீஸ், கிடைத்த கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு, காத்திருக்கும் பசிக்கு விரைவாக நிறைவளிப்பது என்ற நோக்கில் பார்த்தால், இந்த வடிவங்கள் 1944-இன் ரோமானியச் சமையலறைகளில் நடந்ததையே வேறு பொருள்களைக் கொண்டு செய்கின்றன.

ஆகவே, கார்பொனாராவில் க்ரீம் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு வரலாற்றிடம் தீர்ப்புக் கேட்பது பயனற்றது. இரு தரப்புக்கும் சாதகமான சான்று அதில் கிடைக்கும். வரலாறு உறுதியாகச் சொல்லக்கூடியது வேறொன்று. பட்டினி, படைச் சரக்கு, குளிர்பதனப் பெட்டி, உணவக நெரிசல், வட்டாரப் பெருமிதம், சட்டப் பாதுகாப்பு ஆகிய ஒவ்வொன்றும் தன் காலத்தில் இந்த உணவில் ஒன்றைச் சேர்த்தோ நீக்கியோ சென்றிருக்கிறது; இன்று மாற்றக்கூடாததாக அறிவிக்கப்படும் செய்முறையும் அத்தகைய ஒரு காலத்தின் விளைவே. அந்தச் செய்முறையைச் சுவைக்காகப் போற்றுவதற்கு முழு நியாயம் உண்டு. தொன்மைக்காகப் போற்றுவதற்கு, அதை உருவாக்கிய முப்பது ஆண்டுச் சமையற்காரர்களின் உழைப்பை மறந்தாக வேண்டும்.